‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் திரை விமர்சனங்களைத் தவறாமல் படிப்பவர்கள் நாங்கள். படத்தொகுப்பு, டப்பிங், ஒலிக்கலவை ஆகிய வேலைகளில் இருப்பவர்கள். விமர்சனத்தின் கடைசி வரியில் அடிக்கடி ஒரு தொடர் வருகிறது: ‘ஒருமுறை பார்க்கலாம்’. கதை புளித்துப்போனது, இரண்டாம் பாதி இழுவை, வசனம் காதில் விழவில்லை என்று மூன்று பத்தி எழுதிவிட்டு, முடிவில் இந்த வரியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று பத்தியும் உண்மையென்றால் கடைசி வரி உண்மையாக இருக்க முடியாது. மோசமான படத்தை ஒருமுறைகூடப் பார்க்க வேண்டியதில்லை. ஏன் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் என்ற முறையில் சொல்ல நினைக்கிறோம்.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்பது சரிதான். பேய்ப்படம் சிலருக்குப் பிடிக்காது, குடும்பக் கதை சிலருக்கு அலுக்கும். அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் நாங்கள் மோசமான படம் என்று சொல்வது பழுதான படத்தை. வேலை முடியாமலே ரிலீஸ் தேதிக்காக வெளியே தள்ளப்பட்ட படத்தை. தையல் பிரிந்த சட்டையைக் கடைக்காரர் கொடுத்தால் ‘என் ரசனைக்கு ஒத்துவரவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை, திருப்பிக் கொடுக்கிறோம். படத்திலும் தையல் பிரிந்த இடங்களைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம்.

ஒரு காட்சியைப் பார்ப்போம். நாயகன் காவல் நிலையத்தில் ஆய்வாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறான். பேச்சின் நடுவே ஜன்னல் பக்கம் திரும்புகிறான். கேமராவுக்கு அவன் முதுகு மட்டும் தெரிகிறது. அந்த நேரத்தில், “அந்தக் கணக்கு நோட்டு என் தங்கச்சிகிட்டதான் சார் இருக்கு” என்று ஒரு வசனம் வருகிறது. அடுத்த ஷாட்டில் முகம் தெரியும்போது வாய் மூடியிருக்கிறது. இந்த வசனம் படப்பிடிப்பு அன்று பேசப்படவே இல்லை. படத்தைத் தொகுத்துப் பார்த்தபோது, நோட்டு தங்கையிடம் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் புரியவில்லை. திரும்ப எடுக்க நடிகரின் கால்ஷீட் இல்லை, செட்டும் பிரித்தாயிற்று. முதுகு தெரியும் இரண்டு விநாடியைத் தேடிப் பிடித்து, டப்பிங்கில் வசனத்தைச் சேர்த்துவிட்டார்கள். இதற்குப் பேட்ச் என்று பெயர். பேட்ச் இல்லாத படம் அபூர்வம். நல்ல படத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். முதல் அரை மணி நேரத்துக்குள் ஐந்தாறு வந்தால், திரைக்கதை முடியாமலே படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் வசனம், போனில் யாரோ பேசி விவரம் சொல்வது, தூரத்து ஷாட்டில் இருவர் நடந்து போக மேலே குரல் மட்டும் ஓடுவது, படத் தொடக்கத்தில் ஊர் வரலாறு முழுவதையும் ஒரு குரல் ஒப்பிப்பது என்று எல்லாமே பெரும்பாலும் ஒரே ஓட்டையை அடைக்கும் வழிகள்.

இதோடு உதட்டையும் கவனிக்க வேண்டும். தமிழில் ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் வராது. ‘அப்பா’, ‘அம்மா’, ‘போ’, ‘மாமா’ என்ற சொற்கள் க்ளோசப்பில் வரும்போது உதடு மூடித் திறக்கிறதா என்று பாருங்கள். மொழி தெரியாத நடிகருக்கு வசனத்தின் பொருளைச் சொல்லிக்கொடுத்து, நாலு நாள் முன்பே பயிற்சி கொடுத்தால் உதடு ஒட்டும். கொடுக்காவிட்டால் அவர் வாய்க்கு வந்ததை அசைப்பார். டப்பிங் கலைஞர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த உதட்டுக்கு ஏற்றபடி வசனத்தை மாற்ற வேண்டியிருக்கும். ‘நீ இல்லாம என்னால இருக்க முடியாது’ என்று எழுதியது, ‘நீ இங்க இல்லைன்னா நான் எங்க’ என்று ஏதோ ஒன்றாக ஆகும். கதாபாத்திரம் பேசுவது மனிதர் பேசுவதுபோல் இல்லையே என்று பார்ப்பவருக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பின்னணி இசை, எங்கள் பேச்சில் ஆர்.ஆர். காட்சி நிற்கவில்லை என்று தெரிந்ததும் எடிட்டிங் அறையில் வரும் முதல் வாக்கியம், ‘ஆர்.ஆர்.ல தூக்கிடலாம்’. படத்தொகுப்பை இறுதி செய்த பிறகுதான் இசையமைப்பாளர் வேலை ஒழுங்காகத் தொடங்க முடியும். ரிலீஸ் தேதியைப் போஸ்டரில் போட்டுவிட்டு, படத்தொகுப்பு இழுத்தடித்தால் அவருடைய நாள்கள்தான் கரைகின்றன. ஒரு காட்சிக்கு என்ன இசை வேண்டும், எங்கே இசையே வேண்டாம் என்று யோசிக்க நேரம் கிடைக்காது. எல்லா இடத்திலும் தாளத்தைப் போட்டு நிரப்பிக் கொடுப்பதுதான் நடக்கும். யாரும் அழாத காட்சியில் வயலின் அழும், யாரும் பயப்படாத இடத்தில் முரசு அதிரும்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ஓடிடியில் ஏதாவது ஒரு முக்கியமான காட்சியை இரண்டு நிமிடம் ஒலியை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் யாரிடம் என்ன கேட்கிறார், யார் மறுக்கிறார், யாருக்குக் கோபம் என்பது முகத்திலும் நிற்கும் இடத்திலும் ஓரளவாவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இயக்குநர் அந்தக் காட்சியைப் படமாக்கவில்லை, வசனத்தைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு அதே காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒன்றுகூட விடாமல் எல்லாம் புரிந்தால் அது வானொலி நாடகம், படம் என்று காசு வாங்கியிருக்கிறார்கள்.

‘வசனமே காதில் விழவில்லை’ என்ற குறை உங்கள் வாசகர் கடிதங்களிலும் வருகிறது. பழியைத் திரையரங்கின் மேல் போடுகிறார்கள். நடப்பதைச் சொல்கிறோம். திரையரங்கின் ஒலிக்கருவியில் ஃபேடர் என்ற குமிழ் 7இல் இருக்க வேண்டும். அந்த நிலையில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல் கொடுக்கும்படி அளந்து வைத்திருப்பார்கள். ஒலிக்கலவைக் கூடத்திலும் அதே அளவு. அங்கே கேட்டது இங்கேயும் அப்படியே கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இப்போது ஒரு படம் தொடக்கத்திலிருந்தே சண்டையும் இசையுமாக உச்சத்தில் கலக்கப்பட்டு வருகிறது. பத்தாவது நிமிடம் பார்வையாளர் வெளியே வந்து, காது வலிக்கிறது, குழந்தை அழுகிறது என்கிறார். ஆபரேட்டர் ஃபேடரை 5க்கு இறக்குகிறார். ஏறக்குறைய ஆறேழு டெசிபல் குறைகிறது. இசை குறைந்தாலும் காதைத் துளைக்கத்தான் செய்யும், அவ்வளவு மேலே இருந்தது. இயல்பான அளவில் இருந்த வசனமோ முணுமுணுப்பாகிவிடுகிறது. அமைதியான காட்சிக்கு இடமே கொடுக்காத கலவைதான் மூலக் குற்றவாளி. அப்படிக் கலக்கச் சொல்பவர் பெரும்பாலும் ஒலிக்கலவையாளரும் இல்லை. ‘இன்னும் ஏத்துங்க, இன்னும் ஏத்துங்க’ என்று பின்னால் உட்கார்ந்து கேட்பவர்கள்தான்.

ஸ்லோமோஷனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படம் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் என்ற வேகத்தில் ஓடுகிறது. 120 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் ஐந்து மடங்கு நீளும். நாயகன் காரிலிருந்து இறங்கி நாலு விநாடி நடப்பது திரையில் இருபது விநாடி. படத்தில் இப்படி ஒன்பது நடை வந்தால் மூன்று நிமிடம் போயிற்று. இது திட்டமிட்டு எடுத்தது. திட்டமிடாமல் 24 ஃபிரேமிலேயே எடுத்துவிட்டு, ‘சீன் டல்லா இருக்கு, கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க’ என்று எடிட்டிங்கில் இழுப்பது இன்னொன்று. இல்லாத ஃபிரேம்களைக் கம்ப்யூட்டர் கற்பனை செய்து நிரப்பும். வீசும் கையின் விளிம்பு கரைந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வேட்டி நுனி தண்ணீரில் மிதப்பதுபோல் நெளியும். பெரிய திரையில் அப்பட்டமாகத் தெரியும் பழுது இது. கைதட்டும் சத்தத்தில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

பிலிமில் எடுத்த காலத்தில் இந்த ஊதாரித்தனத்துக்கு ஒரு கடிவாளம் இருந்தது. 35 மி.மீ. பிலிம் ஆயிரம் அடி ரோல் பதினொரு நிமிடம்தான் ஓடும். ஒவ்வொரு அடிக்கும் காசு, கழுவக் காசு, பிரின்ட் போடக் காசு. அதனால் ஒத்திகை பார்த்தார்கள், எந்த ஷாட் எதற்கு என்று முன்பே முடிவு செய்தார்கள். டிஜிட்டல் வந்த பிறகு கேமராவை நிறுத்துவதே இல்லை. நூறு மணி நேரக் காட்சிப்பதிவு ஹார்டுடிஸ்கில் வந்து சேர்வது இன்று அதிசயமில்லை. காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஷாட், ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன், இருவருக்கும் க்ளோஸ், மேலிருந்து ட்ரோன் என்று எல்லாக் கோணத்திலும் எடுத்துத் தள்ளுகிறார்கள். ஆனால் ஒருவர் பேசுவதைக் கேட்டு இன்னொருவர் முகம் மாறும் அந்த ஒரு ரியாக்‌ஷன் மட்டும் இருக்காது. நூறு மணி நேரத்தைச் சலித்தாலும் எடுக்காத ஷாட் எடிட்டருக்குக் கிடைக்காது. டிஜிட்டலைக் குறை சொல்லவில்லை. குறைந்த செலவில் புதியவர்கள் நல்ல படம் எடுக்க வழி திறந்ததும் அதுதான். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுபவருக்கும் அதே வழி திறந்துவிட்டது என்பதுதான் வருத்தம்.

இரண்டாம் பாதி ஏன் படுத்துவிடுகிறது என்ற கேள்விக்கும் பதில் எழுத்து மேசையில்தான் இருக்கிறது. நம் படங்களில் இடைவேளை ஒரு கட்டாயம். கதை சொல்லி வாய்ப்புக் கேட்கும்போது இடைவேளைக் காட்சியைச் சொல்லித்தான் தயாரிப்பாளரையும் நடிகரையும் நிமிர்ந்து உட்கார வைக்கிறார்கள். அதனால் எழுத்தின் சக்தி முழுவதும் அந்த ஒரு திருப்பத்தை நோக்கியே போகிறது. அதற்குப் பிறகு என்ன என்பது ஒரு வரியாகத்தான் கையில் இருக்கும். இடைவேளை முடிந்து வந்ததும் இருபது நிமிட ஃபிளாஷ்பேக், அதில் ஒரு நல்ல அண்ணனோ அப்பாவோ இறப்பார், ஒரு பாட்டு, பிறகு குடோனில் சண்டை. ‘ரசிகர்கள் இதைத்தானே கேட்கிறார்கள்’ என்பது பழைய சமாதானம். 1954இல் எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ பாட்டே இல்லாமல் வந்த படம். ஒரு கொலை, யார் செய்தது என்ற விசாரணை, அவ்வளவுதான். இன்றைக்குப் போட்டாலும் எழுந்து போக மனம் வராது. காரணம், ஒவ்வொரு காட்சியும் அடுத்த காட்சியைக் கேட்க வைக்கிறது.

படம் வெளியான இரண்டாம் நாளே ‘பதினைந்து நிமிடம் குறைக்கப்பட்டது’ என்று செய்தி வருகிறதே, அதை நல்ல செய்தியாக உங்கள் பத்திரிகையும் போடுகிறது. அவசர அவசரமாக வெட்டும்போது சண்டையையும் பாட்டையும் தொடமாட்டார்கள், அதற்குத்தான் செலவு அதிகம். வெட்டுப்படுவது அமைதியான சின்னக் காட்சிகள். தாத்தா பேரனுக்குச் சாவியைக் கொடுக்கும் காட்சி போய்விடும். கடைசியில் பேரன் அந்தச் சாவியால் பெட்டியைத் திறப்பான். சாவி எங்கிருந்து வந்தது என்று வெள்ளிக்கிழமை பார்த்தவருக்குத் தெரியும், திங்கட்கிழமை பார்ப்பவருக்குத் தெரியாது. இருவரும் கொடுத்தது ஒரே டிக்கெட் காசு.

அந்தக் காசைப் பற்றியும் பேச வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பம் நகரத்து மல்டிபிளெக்ஸுக்குப் போனால் டிக்கெட்டே எழுநூறு எண்ணூறு. இணையத்தில் முன்பதிவு செய்த கட்டணம், வண்டி நிறுத்தம், இடைவேளையில் பாப்கார்ன் எல்லாம் சேர்த்தால் 1,500 ரூபாய்க்குக் குறையாது. போக வர, விளம்பரம், இடைவேளை சேர்த்து ஐந்து மணி நேரம். மாதச் சம்பளக்காரருக்கு இது மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைத்தான் ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று ஒரு வரியில் கேட்கிறீர்கள்.

‘நூற்றுக்கணக்கானோர் உழைப்பு, குறை சொல்லாதீர்கள்’ என்று ஒரு வாதம் வருகிறது. அந்த உழைப்பில் எங்கள் உழைப்பும் சேர்த்தி, அதனால் இதைச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு. லைட்மேன், ஒப்பனைக் கலைஞர், சமையல்காரர், துணை நடிகர் ஆகியோர் வாங்குவது நாள் கூலியும் பேட்டாவும். நீங்கள் டிக்கெட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதில் ஒரு ரூபாய் கூடுவதில்லை. படம் ஓடினால் அடுத்த படம் வரும், வேலை வரும் என்பது உண்மைதான். ஆனால் பழுதான படம் ஓடினால் அதே மாதிரி இன்னொன்றுதான் வரும். அதிலும் கடைசி மூன்று வாரம் இரவு பகல் பார்க்காமல் ஓட்டையை அடைப்பவர்கள் இதே தொழிலாளர்கள்தான்.

இதில் அடிபடுவது சின்னப் படம். முதல் வாரத்தில் வசூலின் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும், வாரம் ஏற ஏறத் திரையரங்கின் பங்கு கூடும். அதனால் பெரிய படம் வைத்திருப்பவர் முதல் மூன்று நாளில் அள்ளப் பார்க்கிறார், எல்லாத் திரைகளையும் பிடிக்கிறார். சின்னப் படத்துக்குக் காலைக் காட்சி மட்டும் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர் யாரும் வர முடியாத நேரம். ஆள் இல்லை என்று சொல்லித் திங்கட்கிழமை எடுத்துவிடுவார்கள். மோசம் என்று தெரிந்தும் ‘சும்மா டைம்பாஸ்’ என்று பெரிய படத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்தச் சின்னப் படத்தின் இருக்கையைக் காலி செய்கிறார். இது எங்களை மிகவும் வாட்டுகிறது. அந்தப் படங்களில் எத்தனை கவனமாக வேலை நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

2024 நவம்பரில், திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்கள் ரசிகர்களிடம் கருத்து எடுக்க அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. படம் முடிவதற்கு முன்பே வெளியே வந்து தனிநபரைத் திட்டுவது தவறு, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. வாயை மூடச் சொல்வது அதற்கு மருந்தாகாது. எந்த இடத்தில், என்ன பழுது என்று பெயர் சொல்லிக் காட்டும் விமர்சனம் பெருகினால் கூச்சல் தானாக மதிப்பிழக்கும். அது நாளிதழ்களால்தான் முடியும்.

வாசகர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ட்ரெய்லரில் இரண்டு பேர் ஒரே ஃபிரேமில் நின்று, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லும் இடம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாரும் காற்றைப் பார்த்து முழங்கிக்கொண்டே இருந்தால் படமும் அப்படித்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பார்த்துவிட்டு வந்த நண்பரிடம் ‘எப்படி இருக்கு’ என்று கேட்காதீர்கள், ‘கதை என்ன’ என்று கேளுங்கள். நாலு வாக்கியத்தில் சொல்ல முடியாமல் ‘மேக்கிங் நல்லா இருக்கு’ என்றால் காத்திருக்கலாம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அங்கேயும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள் என்று தெரியவில்லையா, அணைத்துவிடுங்கள். பாதியில் விட்ட குற்ற உணர்ச்சி வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இதுதான். நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். விமர்சனத்தின் தலையில் படத்தின் ஓட்ட நேரத்தையும், கதை எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதையும் போடுங்கள். வசனம் தெளிவாகக் கேட்டதா, எந்தத் திரையரங்கில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கதை இந்தப் படத்திலேயே முடிகிறதா, ‘தொடரும்’ போட்டு இரண்டாம் பாகத்துக்கு அனுப்புகிறார்களா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். அது திருப்பத்தை உடைப்பதாகாது, வாங்குகிற பொருள் முழுதா பாதியா என்ற தகவல். தணிக்கைச் சான்றிதழையும் விளக்குங்கள். யு/ஏ இப்போது 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. அது பெற்றோருக்கான அறிவுரை மட்டுமே, வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள். 16+ போட்ட படத்தில் கழுத்தறுக்கும் காட்சி எத்தனை, அதில் குழந்தைகள் பார்க்கக்கூடாதது எது என்று ஒரு வரி எழுதினால், ஐந்து வயதுப் பிள்ளையோடு உள்ளே போய்ப் பாதியில் எழுந்து வரும் குடும்பங்கள் குறையும்.

பேட்சையும், உருகிய விரல்களையும், வெட்டுப்பட்ட சாவியையும் கண்டால் காட்சியோடு குறிப்பிட்டு எழுதுங்கள். எடிட்டிங் அறையில் ‘இது யாருக்குத் தெரியப்போகுது’ என்ற பேச்சு வரும்போது, உங்கள் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை எடுத்து மேசையில் வைக்க எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
படத்தொகுப்பு, ஒலித் துறைப் பணியாளர்கள் சிலர்,
வடபழனி, சென்னை